பக்கத்தில் இருப்பவரின் நலம்

இம்மலரில் ஆண்டுதோறும் உடல்நலம் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு எனப் பலவும் எழுதப்பட்டுவிட்டன. எதைச் சாப்பிடலாம், எதை விலக்க வேண்டும், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும் என்று அவை யாவும் நோயாளியை நோக்கியே எழுதப்பட்டவை. இம்முறை என்னை எழுதச் சொன்னபோது, நோயாளியைச் சற்று விட்டுவிட்டு, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். மலர்க் குழுவினர் இசைந்தனர்.

நான் அரசாங்க மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் தோழியர் சிலருடன் சேர்ந்து, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் படுக்கையாகிவிட்ட நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். மருத்துவமனை வார்டில் ஒரு நாளை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்து, மூன்று தாதியர் குழுக்கள் மாறி மாறிச் செய்கின்ற வேலை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்துவிட்ட நோயாளிக்கு அதே வேலையைப் பெரும்பாலும் ஒரே ஒருவர் செய்கிறார். அவருக்கு ஷிப்ட் மாறுவதில்லை. வார விடுமுறை இல்லை. எங்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சி தந்து அனுப்பினார்கள். அவருக்கோ, நோயாளியை வீட்டுக்கு அனுப்புகின்ற நாளில் அரை மணி நேர விளக்கம் கிடைத்தால் பெரிய காரியம்.

இப்படிப்பட்டவரை என்ன பெயரிட்டு அழைப்பது? நூல்களில் 'பராமரிப்பாளர்' என்று எழுதுகிறார்கள். வீடுகளில் யாரும் அச்சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அம்மாவை யார் பார்த்துக்கிறாங்க?" என்றால், "பெரிய அக்காதான் பார்த்துக்கிறாங்க" என்பார்கள். செய்கையைச் சொல்ல வார்த்தை இருக்கிறது, செய்பவருக்குத்தான் பெயர் இல்லை. ஆங்கிலேயரிடையிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1963-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண்மணி, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தம் போதகர் பணியை விட்டவர், தம்மைப் போன்ற திருமணமாகாத மகள்களின் நிலையை விளக்கிப் பத்திரிகைக்கு எழுதினார். நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான் என்று பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. 1965-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. பெயர் வந்த பிறகுதான் கணக்கிலும் சேர்த்தார்கள் போலும்.

நம்மவரிடையே இந்த வேலை எவ்வளவு பரவலானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சு 2015-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், இந்நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் 22.1 விழுக்காடு. இந்நோய் கவனிப்பாரின்றி முற்றினால் கால், கண், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவே காரணம். இதற்கு மேல் பக்கவாதம், புற்றுநோய், முதுமையில் வரும் மறதி நோய், மனநோய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் ஒருவர் உண்டு. கோவிலில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் யாரோ ஒருவர் அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால், அவர் பொறுமை இல்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். டயாலிசிஸ் என்பது பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். நோயாளியைக் கிளப்பி, கூட்டிப் போய், இயந்திரத்தில் இணைத்து, முடிந்த பின் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, மீண்டும் வீடு சேர்ப்பதற்குள் 6 மணி நேரம் ஆகிவிடும். ஆண்டுக்கு 156 முறை. 936 மணி நேரம். தனியார் ஊழியருக்கு வேலைச் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்போ, வேலை பார்த்த காலத்தைப் பொறுத்து 8 நாளிலிருந்து 16 நாள் வரைதான். மகனோ மகளோ வேலையையும் வைத்துக்கொண்டு அப்பாவையும் எப்படிக் கூட்டிப் போக முடியும்? யாராவது ஒருவர் வேலையை விடுகிறார். அநேகமாகச் சம்பளம் குறைந்தவர், அநேகமாகப் பெண்.

படுத்த படுக்கையானவர் விஷயம் வேறு. படுக்கைப் புண் வராமல் இருக்க அவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லி அனுப்புகிறோம். இரவு 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, விடிந்தால் 6 மணி. இதைச் சொல்வது எளிது. அந்த அட்டவணைப்படி நடக்கிற ஒருவர் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவே முடியாது என்பதை யாரும் கூடவே சொல்வதில்லை.

முன்பு இப்படி இல்லையா என்று கேட்பவர் உண்டு. தோட்டத்தில் என் பாட்டி நான்கு ஆண்டு படுக்கையில் இருந்தார். லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். என் அம்மா பால்மரம் வெட்டப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு ஆயா வந்து கஞ்சி ஊட்டுவார். அதற்கு யாரும் தொண்டு என்று பெயர் வைக்கவில்லை. நோய் அன்றும் இருந்தது. வறுமை இன்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் மாற்றுக்கு ஆள் இருந்தார்கள். கிள்ளான் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அந்தக் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. பிரிக்பீல்ட்ஸிலும் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முடிந்து, 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு சுற்றிலும் உயர்ந்த கட்டடங்களே எழுந்தன. பதினோராவது மாடியில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மருமகள் மாமியாரைப் புரட்டிப் போடுவது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. லிப்ட் கெட்டுப் போனால் மருத்துவமனைத் தவணையும் தவறும்.

இனி, வாழ்க்கைத் தரம் என்ற சொல்லுக்கு வருவோம். இதைக் கேட்டதும் வீடு, கார், சம்பளம் என்றே பலர் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1991-இல் இதை அளப்பதற்கான கேள்விப் பட்டியல் ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. உலகின் 15 நிலையங்களில் மக்களைக் கேட்டுக் கேட்டு அதைச் செய்தார்கள்; அவற்றுள் சென்னையும் ஒன்று என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதன் சுருங்கிய வடிவத்தில் 26 கேள்விகள் உள்ளன. உடல், மனம், பிறரோடு உள்ள உறவு, வாழும் சூழல் என்ற நான்கு பிரிவுகளில் அவை அடங்கும். பணமும் அதில் உண்டு, ஆனால் அது ஒரு மூலையில்தான். தூக்கம், வலி, தன்மீது தனக்குள்ள மதிப்பு, நண்பர்களின் ஆதரவு, ஓய்வுக்கு நேரம் கிடைக்கிறதா என்பன போன்றவை மற்ற இடங்களை நிரப்புகின்றன.

பராமரிப்பவரின் சுமையை மட்டும் தனியே அளக்கவும் கருவிகள் உள்ளன. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட் 1980-இல் வெளியிட்டது இன்று 22 கேள்விகளாக உலகெங்கும் வழங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. மதிப்பெண் கூடக்கூடச் சுமை கூடுதல். நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று சென்னையிலேயே உருவானது. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தில், மனநோயாளிகளின் குடும்பத்தாரிடம் அவர்களுடைய கஷ்டங்களை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்து 1998-இல் வெளியிட்டார்கள்.

நான் வீடுகளுக்குப் போகும்போது படிவம் எதையும் எடுத்துப் போவதில்லை. தாளையும் பேனாவையும் பார்த்தாலே நம்மவர்கள் "ஒன்னும் பிரச்சினை இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். பேச்சோடு பேச்சாக நான்கு கேள்விகள் கேட்பேன். நேற்று ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள்? உங்கள் உடம்புக்கென்று கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது? தனியாக வெளியே போய் எத்தனை நாளாயிற்று, எதற்காகப் போனீர்கள்? நாளைக்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் இவரை யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு நான் அடிக்கடி கேட்கும் பதில், பெம்பர்ஸ் வாங்கக் கடைக்குப் போனேன் என்பது. நான்காவதற்குப் பெரும்பாலும் பதிலே வராது. வாசகர்கள் தங்கள் உறவினர் வீட்டில் இந்நான்கையும் கேட்டுப் பார்க்கலாம். தாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவும் மனக்கஷ்டம்தானே, உடம்பை என்ன செய்துவிடும் என்று எண்ணுவோருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 1995-இல் அமெரிக்காவில், மறதி நோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், வயதில் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் செய்து, அது ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. கவலை தோலுக்கும் தெரிகிறது.

இரண்டாவது, 1999-இல் வெளிவந்தது. வயதான கணவன் மனைவியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் உடலும் மனமும் நலிந்தவர்களிடையே, அப்படிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில்லாதவர்களைவிட இறப்பு 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பகுதி. துணையைப் பார்த்துக்கொண்டும் நலியாமல் இருந்தவர்களிடையே இறப்பு அப்படிக் கூடவில்லை. ஆளைக் கரைப்பது பணிவிடை அன்று. இடைவெளியில்லாமல், துணையில்லாமல் செய்கிற பணிவிடை. நோயை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். இடைவெளியையும் துணையையும் ஏற்படுத்த முடியும். இக்கட்டுரையை எழுத முன்வந்ததே இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான்.

பணத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரியாமல் போவது சேமநிதி. 40 வயதில் வேலையை விட்ட மகளுக்கு அன்றோடு ஊழியர் சேமநிதி நின்றுவிடுகிறது. அம்மா காலமாகும்போது அவருக்கு வயது 52. மறுபடி வேலை கொடுப்பார் யார்? தம் முதுமைக்கு அவரிடம் என்ன இருக்கிறது? உடன்பிறந்தவர்கள் தகனச் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டைப் பங்கிட்ட குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாதி என்ற முறையில் சில பாடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதுகு போனால் எல்லாம் போயிற்று. நோயாளியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவருடைய தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும். பழைய பெட்ஷீட் ஒன்றை நான்காக மடித்து, அவருடைய தோளிலிருந்து தொடை வரை கீழே விரித்து வையுங்கள். புரட்டும்போது ஆளை இழுக்காமல் துணியை இழுங்கள். அவருடைய முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். குனியும்போது இடுப்பை வளைக்காமல் உங்கள் முழங்காலை மடக்குங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளை வைத்து, உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அவர் தாமாக இறங்கி நடப்பவராக இருந்தால் மட்டும் இதைச் செய்யக் கூடாது, விழுந்துவிடுவார். இரவில் புரட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்பதை உங்கள் தாதியிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். நல்ல மெத்தை இருந்து, தோல் சிவக்காமலும் இருந்தால், சிலருக்கு அவர்களே அனுமதிப்பதுண்டு. கேட்காதவர்களுக்கு அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. உங்கள் சொந்த மருந்துகளை நோயாளியின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அவருக்கு வேளை தவறாமல் கொடுத்துவிட்டுத் தங்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்து வருவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எழுதுகிறேன். நீண்டநாள் பார்த்துக்கொண்ட பலர், கதவுக்கு வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள்: "சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு சில நேரம் தோணுதுங்க. நான் பாவியா?" சொல்லிவிட்டு அழுவார்கள். இது மனைவிமாரிடமிருந்தும் மகள்களிடமிருந்தும் மட்டும் வருவதன்று. மனைவிக்காகச் சமைக்கவும் தலை பின்னவும் கற்றுக்கொண்ட 70 வயதுப் பெரியவர் ஒருவரும் இதையே கேட்டார். தூக்கம் கெட்ட உடம்பு பேசுகிற பேச்சு இது. அன்பு குறைந்துவிட்டது என்று பொருளல்ல. ஆனால் யாரும் கேட்காமல் இது உள்ளேயே கிடந்தால், ஒருநாள் கையில் வேகமாக வெளிப்படும். கரண்டியை வாயில் திணிப்பதில், துணி மாற்றும்போது வெடுக்கென்று இழுப்பதில். அப்போது கஷ்டப்படுபவர் நோயாளி. ஆகவே பக்கத்தில் இருப்பவரின் நலம் என்பது அவருடைய சொந்த விஷயம் மட்டுமன்று.

பார்க்க வருகிற நாம் என்ன சொல்கிறோம்? ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீ செய்ற புண்ணியம் உன் பிள்ளைகளுக்குச் சேரும்" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் புண்ணியவதி என்று பெயர் வாங்கியவர் அதன் பிறகு எப்படி, "என்னால் முடியவில்லை" என்று வாய் திறப்பார்?

திருநாவுக்கரசர் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் குருபூசையில் கேட்கிறோம். சூலை நோயால் துடித்தவரை ஏற்றுத் திருநீறு அளித்து, திருவதிகைத் திருக்கோவிலுக்கு அழைத்துச் சென்றவர் தமக்கையார் திலகவதியார். தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காகவே உயிர் தரித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அதே வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஓர் இடம் உண்டு. நோயுற்ற தம்பி ஆள் அனுப்பி அழைத்தபோது, சமணர் மடத்துக்குத் தாம் வர இயலாது என்று அவர் சொல்லி அனுப்பினார். தம்பிதான் இரவோடு இரவாக அவர் இருக்குமிடம் வந்தார். அவர் மறுத்தது சமயக் காரணத்தால் என்பதை அறிவேன். இருந்தாலும், அன்பின் வடிவமாக நாம் போற்றுகின்ற ஒருவர் தம்மால் இயலாதது இன்னது என்று சொல்லவும் அறிந்திருந்தார் என்பதை, களைத்துப்போன மகள்களிடம் நான் எடுத்துச் சொல்வதுண்டு. சிலர் சிரிப்பார்கள்.

குடும்பத்தார் கூடிப் பேசுவது பலன் தருமா? தரும் என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மறதி நோய் கண்ட துணைவரைப் பார்த்துக்கொள்ளும் 406 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேருக்கு ஆலோசனை ஏற்பாடு: பார்த்துக்கொள்கிறவரோடு மட்டும் 2 அமர்வு, மற்ற குடும்பத்தாரையும் உட்கார வைத்து 4 அமர்வு, பிறகு ஒரு துணைக்குழு, வேண்டும்போது தொலைபேசியில் பேச ஆள். அவ்வளவுதான், புது மருந்து எதுவும் இல்லை. அந்தக் குடும்பங்கள் நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நிலை, மற்றவர்களைவிட 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை ஆண்டு! குடும்பத்தாரோடு நான்கு முறை உட்கார்ந்து பேசியதன் பங்கும் அதில் இருக்கிறது. நம் வீடுகளில் அந்த நான்கு அமர்வுகள் தீபாவளிக்கு வரும் அண்ணனிடமும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடமும், "எனக்கு என் பங்கை மாதாமாதம் பணமாகவோ நாளாகவோ கொடுங்கள்" என்று ஒரு பெரியவரை நடுவில் வைத்துக் கேட்பதாக அமையலாம். தாய்மாமன்மார்கள் இதற்குப் பயன்படுவார்கள். அண்ணிமார்களைக் குறைசொல்லித் தொடங்கினால் காரியம் கெடும்.

அரசாங்கத்திலும் பொது அமைப்புகளிலும் கிடைக்கிற உதவிகள் பலருக்குத் தெரிவதில்லை. படிவங்கள் மலாயில் இருப்பதும் முதியவர்களுக்கு ஒரு தடை. படுத்த படுக்கையான நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சமூக நல இலாகா மாத உதவித்தொகை வழங்குகிறது. 2021-இல் அது 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வருமான வரம்பு உண்டு, டாக்டரின் உறுதிக் கடிதமும் வேண்டும்; மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லத்தரசிகளுக்காக 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோ பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. 55 வயதுக்குள் சேர வேண்டும். வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் செயலிழப்புக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் செலவிட்ட பணத்தில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரி விலக்குக் கோரலாம். கூடப்பிறந்தவர்களில் வரி கட்டுபவர் அதைப் பெற்றுக்கொண்டு, மிச்சமாகும் தொகையைப் பார்த்துக்கொள்பவர் கையில் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையிலோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ தவணைக்குப் போகும் நாளில் அங்கும் ஒரு நடை போய் வாருங்கள். முற்றிய நோயாளிகளுக்கு, 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வீட்டுக்கே தாதியரையும் டாக்டரையும் இலவசமாக அனுப்புகிறது. பக்கவாதத்துக்கு, தாமும் அந்நோய் கண்டு மீண்ட ஜேனட் இயோ அம்மையார் 1996-இல் நிறுவிய நாசாம் சங்கம் உண்டு. மறதி நோய்க்கு அல்ஸைமர் நோய் அறநிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது.

இப்போது நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. அறவாரியங்களுக்குச் சக்கர நாற்காலி தாராளமாக வருகிறது. நாற்காலியின் முதுகில் உபயதாரர் பெயர் எழுதலாம், படம் எடுத்து இம்மலரிலேயே போடலாம். தேவையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் போகின்ற சில வீடுகளில் இரண்டு சக்கர நாற்காலிகள் மடித்துச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் இன்னோர் ஆள் இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், பின்னாளில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பும் பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் அதில் சேரலாம். 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? நமக்கு வேண்டிய நன்கொடை மணிக்கணக்கில்; பணமும் வேண்டும், தொண்டர்களின் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும்.

எங்கள் சிறு குழு செய்வது இவ்வளவுதான். குறிப்பிட்ட வீட்டுக்கு, ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே நேரம், அதே இருவர் போவோம். ஆள் மாறினால் நோயாளி மிரளுவார். நேரம் மாறினால் வீட்டுக்காரம்மா எதையும் திட்டமிட முடியாது. மருந்து கொடுப்பதில்லை, ஆலோசனை சொல்வதில்லை, வீட்டு விஷயம் கேட்பதில்லை. இரண்டு மணி நேரம் நோயாளிக்குப் பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவே. முதல் வாரம் வீட்டுக்காரம்மா வெளியே போகவே மாட்டார். தேநீர் கலக்கி, முறுக்கு வைத்து நம்மை உபசரித்துக்கொண்டிருப்பார். அதற்கு நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் வாரம் கீழே இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பிவிடுவார். நான்காம் ஐந்தாம் வாரத்தில்தான் கொஞ்சம் நம்பிக்கை பிறக்கும். ஒருவர் பல் டாக்டரிடம் போனார். ஒருவர் கோவிலுக்குப் போய், அர்ச்சனை முடிந்து பிரகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டு வந்தார். கிள்ளானில் ஒருவர் எங்கேயும் போகவில்லை. அடுத்த அறையில் பாய் விரித்துப் படுத்தார். இரண்டு மணி நேரம் ஆனதும் எட்டிப் பார்த்தோம், ஆழ்ந்த தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. அன்று நாங்கள் கிளம்பும்போது மணி ஏழைத் தாண்டியிருந்தது.